சித்திரை விதைப்பும் சிவத்தொண்டும்



தை, மாசி மாதங்களில் அரிவு வெட்டி, சூடடித்து, நெல் மூடைகள் வீடு வந்து சேர்ந்துவிடுகின்றன. அதன்பின் பங்குனி வெயில் தொடங்குகிறது. வயல்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. கிணற்று நீர் ஒவ்வொரு படியாகக் கீழிறங்குகிறது. இந்த நேரத்தில் வீட்டு வளவுகளில் மட்டும் ஓர் அசைவு தெரியும். மண்வெட்டிக்குப் புதுப்பிடி போடுவார்கள். வேலிக் கதியால்களைச் சரிபார்ப்பார்கள். மாட்டுக் கொட்டிலின் பின்புறம் குவித்து வைத்த எருவைக் கிளறி உலரவிடுவார்கள். வீட்டுக்குப் பெரியவரான அம்மம்மாவோ அப்பாச்சியோ அடுப்படிப் பறணில் இருந்து பழைய போத்தல்களையும் துணி முடிச்சுக்களையும் இறக்கி முற்றத்தில் பரப்புவார். சித்திரை பிறக்கப் போகிறது என்பதற்கு நாட்காட்டியைவிட இதுவே முதல் அறிவித்தலாக இருந்தது.

ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்த எம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். எமது பகுதியில் பெருவிதைப்பு என்பது புரட்டாதி, ஐப்பசி மழையை நம்பிய காலபோக நெல்விதைப்பே. ஆயினும் சித்திரையில் இடிமுழக்கத்தோடு வந்துபோகும் சிறுமழையையும் கிணற்று நீரையும் நம்பி, வீட்டு வளவில் கத்தரி, வெண்டி, பயிற்றை, பாகல், புடோல், பூசணி, கீரை என்று சிறுவிதைப்பு ஒன்றும் உண்டு. பெருவிதைப்பு ஊருக்குச் சோறு போட்டது என்றால், இந்தச் சிறுவிதைப்பே சோற்றுக்குக் கறி தந்தது. இதற்கு ஆயத்தமாவது வெறும் வீட்டு வேலை மாத்திரமன்று, அது ஒரு வழிபாடும் ஆகும் என்பதை எமது சமயம் பல இடங்களில் எடுத்துக் காட்டுகிறது.

ஆலயத்தில் முதல் விதைப்பு

ஆலய மகோற்சவம் எதனுடன் ஆரம்பமாகிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் கொடியேற்றம் என்றே கூறுவர். ஆனால் கொடியேறுவதற்கு முன்னரே ஆலயத்தில் ஒரு விதைப்பு நடந்துவிடுகிறது. தூய்மையான இடத்தில் பூமாதேவியை வழிபட்டு மண் எடுத்து வருவது மிருத்சங்கிரகணம் எனப்படும். அந்த மண்ணைப் பாலிகைகளில் இட்டு, பாலிலே கழுவிய நவதானியங்களை மந்திரபூர்வமாக விதைத்து நீர் தெளிப்பது அங்குரார்ப்பணம் ஆகும். அங்குரம் என்றால் முளை. பயிர்களுக்கெல்லாம் அதிபதி சந்திரன் ஆதலால் இக்கிரியை இரவிலே நடைபெறுகிறது. முளைகள் செழித்து நேராக எழுந்தால் உற்சவமும் ஊரும் சிறக்கும் என்பது நம்பிக்கை.

வீட்டிலும் அப்படியே. திருமணத்திற்குப் பொன்னுருக்கும் நாளில் கன்னிக்கால் ஊன்றி, சுமங்கலிப் பெண்கள் முளைப்பாலிகை இடுகிறார்கள். இறைவனுக்குத் திருவிழா என்றாலும் பிள்ளைகளுக்குத் திருமணம் என்றாலும் முதலில் ஒரு விதை மண்ணுக்குள் போகவேண்டும் என்று எம் பெரியோர் விதித்தனர். மண்ணுக்குள் போனது கண்ணுக்குத் தெரியாது. அது முளைக்கும் என்று நம்பி நீர் தெளிப்பதே முதற் பக்தி.

அப்பர் சுவாமிகளைத் திருவுருவமாக வடிக்கும்போது அவர் கையில் உழவாரப் படை இருப்பதைக் காண்கிறோம். திருவீதிகளில் புல்லும் பூண்டும் செதுக்கிய கருவி அது. அவரே தமது தேவாரம் ஒன்றில் பயிர்த்தொழிலை ஆன்மிக வாழ்வுக்கு உவமையாக வைத்து, உண்மையை உழவாகவும் பொறுமையை நீராகவும் காட்டுகிறார். ஆலய வீதியைச் செதுக்கிய கைக்கு வீட்டு முற்றத்தைக் கொத்துவது இழிவான வேலை ஆகாது. இரண்டும் ஒரே மண்ணிலே நடக்கும் தொண்டுகளே.

இளையான்குடியில் ஓர் இரவு

விதையைப் பற்றிப் பேசும்போது சைவர்களாகிய நாம் இளையான்குடிமாற நாயனாரை மறக்க முடியாது. சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணத்தில் இவரது வரலாறு இடம்பெறுகிறது. இளையான்குடி இன்றைய தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. நாயனாரின் குருபூசை ஆவணி மகத்தில் கொண்டாடப்படுகிறது.

மாறனார் வேளாண்மையால் செல்வம் பெற்றவர். வரும் அடியார்களுக்கெல்லாம் அமுதளித்து வந்தார். செல்வம் உள்ளபோது மட்டுமன்றி வறுமையிலும் இவர் இதனைச் செய்வார் என்பதை உலகுக்குக் காட்டச் சிவபெருமான் திருவுளங்கொண்டார். செல்வம் குறைந்தது. நிலங்கள் கைவிட்டுப் போயின. கடன்பட்டும் அவர் விருந்தோம்பலை நிறுத்தவில்லை.

மழைக்காலத்து இரவொன்றில் இறைவன் அடியார் வேடத்தில், நனைந்த மேனியுடன் வந்து அவரது கதவைத் தட்டினார். அன்று அந்த வீட்டில் கணவனும் மனைவியும் உணவின்றி இருந்தனர். மாறனார் வந்தவரை உள்ளே அழைத்து, ஈரம் துவட்டி, இருக்கை தந்துவிட்டு மனைவியிடம் என்ன செய்யலாம் என்று கேட்டார். வீட்டில் ஒன்றுமில்லை, அயலவரும் இனித் தரமாட்டார்கள், நேரமும் போய்விட்டது என்றார் அம்மையார். பின்னர் அவரே ஒரு வழி கூறினார். பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் இயன்றவரை சமைத்துத் தருகிறேன் என்றார்.

இந்த இடத்தில் ஒரு கமக்காரனின் மனம் எப்படித் துடிக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள். நிலமெல்லாம் போய், எஞ்சிய நிலத்தில் எஞ்சிய விதையை அன்றுதான் விதைத்திருக்கிறார். அதுவே அடுத்த ஆண்டின் வாழ்வு. ஆயினும் மாறனார் மகிழ்ந்தார். கூடையைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு, கொட்டும் மழையில், காரிருளில், காலால் வழி தடவிச் சென்று, மழைநீரில் மிதந்து வந்த முளைநெல்லை வாரி வந்தார். வாசலில் காத்து நின்ற அம்மையார் அதனை வாங்கிச் சேறு போகக் கழுவினார். விறகில்லை என்றதும் மாறனார் வீட்டுக் கூரையின் மரங்களையே அறுத்து வீழ்த்தினார். அம்மையார் நெல்லை வறுத்து, குற்றி, சோறாக்கினார். கறிக்கு என்ன செய்வது? வளவில் இன்னும் சரியாக வளராத கீரைப் பயிரை மாறனார் தடவிப் பறித்து வந்தார். அந்த ஒரு கீரையையே அம்மையார் தம் கைத்திறத்தால் பலவகைக் கறிகளாக்கினார். விருந்தினரை அமுதுசெய்ய அழைத்தபோது அவர் சோதியாக எழுந்தார். பின்னர் உமையம்மையோடு இடபத்தின் மேல் காட்சி தந்து இருவரையும் தம் உலகுக்கு அழைத்து அருள்புரிந்தார்.

விதையை உண்ணலாமா?

விதைநெல்லைக் குற்றி உண்பது குடியைக் கெடுக்கும் என்பது எமது ஊர்களில் எழுதாத சட்டம். பஞ்சகாலத்திலும் விதைக் குதிரில் கை வைப்பதில்லை. அப்படியாயின் மாறனார் செய்தது சரியா என்ற கேள்வி எழுகிறது. பிள்ளைகள் கேட்டால் என்ன விடை சொல்வது?

விடை அந்த வரலாற்றிலேயே இருக்கிறது. மாறனாரும் மனைவியாரும் அன்று தாமும் பட்டினியாகவே இருந்தனர். தம் பசிக்காக அவர்கள் அந்த விதையைத் தொடவில்லை. தமக்கென்றால் தொடக்கூடாத பொருள், அடியவர் பசிக்கென்றால் தயங்கக்கூடாத பொருளாயிற்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. விதை தம்முடையது அன்று என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். போன ஆண்டு அதனை இறைவன் தந்தான், அடுத்த ஆண்டுக்காக வைத்திருக்கும்படி கையில் தந்தான். தந்தவனே கேட்டு வரும்போது கொடுத்துவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் மீதியை அடுத்த பக்கத்தின் முன்னிருப்பாகக் கொண்டு செல்வது போன்றதே விதை. பக்கத்தை எழுதுபவர் அந்த மீதிக்குப் பொறுப்பாளர், உரிமையாளர் அல்லர்.

திருவள்ளுவரும் விருந்தோம்பல் அதிகாரத்திலேதான் விதைப்பைப் பற்றிப் பேசுகிறார். விருந்தினரை முன்வைத்துத் தான் பின்னே உண்பவனின் நிலம் விளையாமற் போகாது என்பதே அங்கு அவர் தரும் உறுதி. விதையையும் விருந்தையும் எம் பெரியோர் ஒருபோதும் பிரித்துப் பார்க்கவில்லை.

துணி முடிச்சில் போன விதை

எமது மண்ணும் ஓர் இருண்ட மழை இரவைக் கண்டது. 1995 ஐப்பசியின் நடுவில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. பின்னர் வன்னிக்குப் போனவர்கள் 2009 வரை மீண்டும் மீண்டும் பெயர்ந்தனர். அப்படிப் புறப்பட்ட ஒரு தாயை மனக்கண்ணில் எண்ணிப் பார்ப்போம். எடுத்துச் செல்லக்கூடியது எவ்வளவு? பிள்ளைகள், அடையாள அட்டை, கொஞ்சம் அரிசி, சுவாமிப் படம். அவற்றோடு பறணில் இருந்த துணி முடிச்சுக்கள் இரண்டு. ஒன்றில் விதைப்பயறு, மற்றொன்றில் சாம்பல் கலந்த கத்தரி விதை.

போன இடத்தில் பிள்ளைகள் பசியால் அழுதபோது அவள் விதைப்பயற்றை அவித்துக் கொடுத்தாள். தன் பசிக்கல்ல, பிள்ளைகளின் பசிக்கு. அதைக் குற்றம் என்று எவர் சொல்வார்? அம்பாளும் ஒரு தாயல்லவா? கத்தரி விதையை அவிக்க முடியாது. அது முடிச்சிலேயே இருந்தது. தங்கிய இடத்தில் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவளுக்கு அதில் ஒரு நுள்ளு கொடுத்தாள். தானும் வாசலில் சிறிது விதைத்தாள். இரண்டு வருடத்தின் பின் இவளது செடி அழிந்தது. மற்றவளிடம் விதை இருந்தது. ஊர் திரும்பும்போது கொடுத்தவளே வாங்கிக்கொண்டு வந்தாள்.

இவ்வாறு நடந்த வீடுகள் எத்தனையோ, நடவாமல் விதை முற்றாக அழிந்த வீடுகள் எத்தனையோ. இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் விதை அந்த வீட்டோடு போய்விடும். கொடுத்த விதையே தங்கும். மாறனார் இழந்தார் என்று உலகம் எண்ணியது. ஆனால் கொடுத்ததனால்தான் அவர் பெயர் இன்றும் இருக்கிறது.

மீண்டு வந்தபின் எமக்கு இன்னொரு சோதனை வந்தது. கடைகளில் அழகான படம் போட்ட பக்கற்றுக்களில் விதை கிடைக்கிறது. அதனை வாங்குவது பிழையன்று. ஆனால் அவற்றிற் பல கலப்பின விதைகள். அவற்றின் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த ஆண்டு போட்டால் தாய்ச்செடியைப் போலவே வராது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் வாங்கவேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்ததும், 2022இல் பொருட்களின் விலையேறி எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்றதும் எவருக்கும் மறந்திராது. 2022 யூனில் அரசாங்க ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் தீர்மானிக்கப்பட்டது. அன்று பல வீடுகளில் வளவு இருந்தது, கிணறு இருந்தது, வேலை செய்யக் கைகளும் இருந்தன. பறணில்தான் விதை இருக்கவில்லை. அந்த வெறுமையை மறந்துவிடக் கூடாது.

வீட்டில் ஆயத்தம்

சித்திரைக்கு ஆயத்தமாகும் முறையைப் பிள்ளைகளும் அறிந்துகொள்ளும்படி சுருக்கமாக நோக்குவோம்.

முதலாவது, விதையைப் பார்த்தல். பங்குனியிலேயே இதனைச் செய்யவேண்டும். சென்ற முறை எடுத்து வைத்த விதையில் பத்தை எண்ணி எடுத்து, ஈரத்துணியில் முடிந்து நிழலில் வைத்து, துணி காயாமல் நீர் தெளித்து வரவேண்டும். பயிற்றை சில நாட்களிலும் வெண்டி ஒரு கிழமையளவிலும் முளைவிடும். பத்துக்கு ஏழு, எட்டு முளைத்தால் நல்ல விதை. மூன்று, நான்குதான் முளைத்தால் நெருக்கமாக விதைக்கவேண்டும், அல்லது அயலில் கேட்டு வாங்கவேண்டும். கேட்பதில் வெட்கமில்லை. கேட்கும் வீடு, பின்னர் கொடுக்கும் வீடாகும்.

இரண்டாவது, நிலத்தைச் சுத்தி செய்தல். கொத்திப் புரட்டிய மண்ணைச் சில நாட்கள் வெயில் படவிட்டால் பூச்சிகளும் களை விதைகளும் குறையும். நன்றாக உக்கிய எருவையே கலக்கவேண்டும். பச்சை எரு வேரைச் சுடும். கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றுக்கு நாற்றுமேடை தேவை. இருபுறமும் நின்று கை எட்டும்படி மூன்றடி அகலத்தில் மேடை உயர்த்தி, வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, ஆறியபின் விதைப்பது வழக்கம்.

மூன்றாவது, விதைத்தல். விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழமே போதும். கீரை விதை மிகச் சிறியது ஆதலால் மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். பூவாளியால் மென்மையாக நீர் தெளிக்கவேண்டும். எறும்புகள் விதையை இழுத்துச் செல்லும். அதற்காக நாற்றுமேடையைச் சுற்றி அரிசிக் குறுனலைத் தூவி வைப்பவர்கள் உண்டு. எறும்பு குறுனலை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். பயிருக்குக் காவல் போடும்போதே சிற்றுயிருக்கும் பங்கு வைத்த அந்தக் கைகளை என்னென்பது!

நான்காவது, காத்தல். கத்தரி நாற்று ஏறத்தாழ ஒரு மாதத்தில் நடும் பருவத்துக்கு வரும். மாலை நேரத்தில் நட்டு, பூவரசங் குழையோ பனையோலையோ நாட்டி நிழல் செய்யவேண்டும். வேலியில் ஓட்டை இருந்தால் ஆடு ஒரு பொழுதில் எல்லாவற்றையும் மேய்ந்துவிடும். மனத்தின் வேலியும் அவ்வாறே. பல நாள் செய்த நல்ல பழக்கத்தை ஒருநாள் கவனக்குறைவு மேய்ந்துவிடுகிறது.

ஐந்தாவது, விதைக்கென்று விடுதல். இதுவே இன்று பலர் மறந்துவிட்டது. செழிப்பான செடியில் நல்ல காய் இரண்டைப் பறிக்காமல் அடையாளத்துக்கு ஒரு துணி கட்டி விடவேண்டும். கத்தரிக்காய் மஞ்சளாகிப் பழுத்தபின் பிசைந்து கழுவி, நீரில் மிதக்கும் விதையை நீக்கி, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்தவேண்டும். வெண்டியைச் செடியிலேயே காயவிடலாம். ஈரமில்லாத போத்தலில் சிறிது சாம்பல் கலந்து, பெயரும் மாதமும் எழுதி வைத்தால் அடுத்த சித்திரைக்கு ஆயத்தம் அன்றே தொடங்கிவிட்டது. முதல் தரமான காயைக் கறிக்கும் சந்தைக்கும் அனுப்பிவிட்டு, எஞ்சிய சூத்தைக் காயை விதைக்கு விடுவது தவறு. இறைவனுக்கு வாடிய பூவைச் சாத்துவோமா? விதைக்கும் அதே நியாயமே.

அம்பாளின் முன் ஒரு பிடி

மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் ஆலயத்தில் பங்குனித் திங்கள் நாட்களில் அடியார்கள் திரண்டு பொங்கிப் படைப்பதையும், அப்படையலில் கத்தரிக்காய்க் கறி இடம்பெறுவதையும் யாவரும் அறிவர். மட்டுவில் கத்தரிக்காய்க்கு எங்கும் தனிப்பெயர். அம்மனுக்குப் படைக்கவேண்டும் என்ற நேர்த்தி, ஓர் ஊரின் கத்தரிக்கும் பெருமை சேர்த்துக் காத்து வருகிறது. தைப்பூசத்தில் புதிர் எடுத்து உண்பதும் அவ்வாறே. ஆலயமும் அடுக்களையும் வளவும் ஒரே கயிற்றில் கோத்த மணிகள்.

புத்தாண்டுப் பிறப்பன்று ஆலயத்தில் மருத்துநீர் வாங்கி வைத்து நீராடி, புத்தாடை உடுத்தி அம்பாளைத் தரிசிக்கிறோம். வீட்டுப் பெரியவர்கள் வெற்றிலையில் நெல்லும் காசும் வைத்துக் கைவிசேடம் தருகிறார்கள். காசைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கிறார்கள். நெல்லை எவரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்த நெல்லும் ஒரு விதைதான். இதை வாழவை என்று பெரியவர் சிறியவரின் உள்ளங்கையில் வைக்கும் பொறுப்பு அது.

எனவே இனிவரும் சித்திரையில் அடியார்கள் ஒன்று செய்யலாம். வீட்டில் இருக்கும் விதையில் ஒரு பிடியை, ஒரு பிடி இல்லையேல் ஒரு நுள்ளை, பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதி ஆலயத்துக்குக் கொண்டுவரலாம். அம்பாளின் முன் ஒரு சுளகில் அவற்றையெல்லாம் வைத்து, பூசை முடிந்தபின் கொண்டுவந்தவர் தமக்கில்லாத வேறொரு விதையை எடுத்துச் செல்லலாம். விதை இல்லாதவர் வெறுங்கையுடன் வந்தும் எடுத்துச் செல்லட்டும். அடுத்த ஆண்டு அவர் கொண்டுவருவார். இதற்குப் பெரிய செலவில்லை, உபயகாரர் தேவையில்லை. பறணில் ஒரு முடிச்சும், மனத்தில் மாறனாரின் நினைவும் இருந்தால் போதும்.

மழை இரவில் யார் கதவைத் தட்டுவார் என்று எவருக்கும் தெரியாது. தட்டும்போது கொடுப்பதற்கு வீட்டில் ஒன்று இருக்கவேண்டும். வளவில் ஒரு பிடி கீரையாவது இருக்கவேண்டும். அதற்காகவே சித்திரையில் விதைக்கிறோம்.

மாதம் மும்மாரி பெய்யவும், இட்ட விதை பழுதின்றி முளைக்கவும், வீடுதோறும் பறண் நிறையவும், பசித்து வருவோருக்குக் கதவு திறக்கும் மனம் எல்லோர்க்கும் வாய்க்கவும் எல்லாம் வல்ல அம்பாளின் திருவடிகளைப் பணிந்து பிரார்த்திப்போமாக.

சுபம்.